தெளிவாகக் கேட்ட கை

கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது ஹரிணிக்குப் பெரும்பாடு. வளைகாப்பு முடிந்து வருகிறவர்கள் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருப்பார்கள். கொஞ்சம் அசைந்தால் போதும், ஸ்டெதாஸ்கோப்பில் அந்தச் சலசலப்புதான் கேட்கும். பூங்கனியின் கையில் அந்தத் தொல்லை இல்லை. அதனாலேயே அவளை ஹரிணிக்குப் பிடித்திருந்தது.

ஆனால் வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் அழுத்தம் இறங்கவில்லை. எட்டாம் மாதம். இன்னும் ஏறினால் வலிப்பு வரலாம், இரண்டு உயிருக்கும் ஆபத்து.

பயிற்சி மருத்துவர் ஹரிணி, பேராசிரியர் சகாயராணியிடம் போய் நின்றாள்.

“மீதைல்டோபா மாத்திரைக்குப் பிரஷர் கேட்கல மேடம். லேபட்டலால் இருக்கு, நிஃபெடிபின் இருக்கு. ரெண்டுல எது சிறந்தது?”

“பிரஷர் சரியாப் பார்த்தியா?”

“அவ கையில ரொம்பத் தெளிவாக் கேட்கும் மேடம்.”

கேள்விக்கு சகாயராணி நேராகப் பதில் சொல்லி அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. எழுந்து போய்ப் பூங்கனியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாத்திரை போடுறியாம்மா?”

“போடுறேன்.”

சகாயராணி தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“ராத்திரி மட்டும் போடுறதில்ல,” என்றாள் பூங்கனி கடைசியில். “போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுறேன். எனக்கு ஏதாச்சும் ஆனா எழுப்ப ஆள் வேணுமில்ல?”

“வீட்டுக்காரர்?”

“லாரியில நாக்பூர் போயிருக்காரு. வேற சாதியில கட்டிக்கிட்டோம்னு ரெண்டு வீட்டுலயும் பேச்சு இல்ல.” லேசாகச் சிரித்தாள். “லைட்டைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். வயித்துல இருக்கறதுகிட்ட பேசுவேன். அது உதைக்கும்.”

ஹரிணிக்கு முகம் சுண்டிப்போனது. வீக்கம், தலைவலி, கண் மங்கல், மூச்சிரைப்பு எல்லாம் விசாரித்திருந்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

சகாயராணி பூங்கனியை அன்றைக்கே வார்டில் சேர்த்தார். மருந்தை, தூக்கம் தராத நிஃபெடிபினுக்கு மாற்றினார். நர்ஸ் மேசையை ஒட்டிய கட்டிலைக் காட்டினார்.

“இங்க படு. எழுப்ப இவங்க இருக்காங்க.”

பூங்கனி படுத்த கையோடு தூங்கிப்போனாள்.

தாழ்வாரத்தில் நடக்கும்போது ஹரிணி விடவில்லை.

“அப்ப நிஃபெடிபின்தான் சிறந்ததா மேடம்?”

“இவளுக்கு. இப்போதைக்கு.”

“தனியா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ சொல்லவே இல்லையே.”

சகாயராணி நின்றார்.

“அவ கையில மட்டும் உனக்கு ஏன் அவ்வளவு தெளிவாக் கேட்டுது?”