குளவியின் துண்டு

பூச்சியியல் துறையில் அருமைநாயகம்தான் வயதில் மூத்த மாணவர். பள்ளியில் இருபத்தைந்து வருடம் விலங்கியல் நடத்திவிட்டு, ஐம்பதாவது வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். அவருடைய நெறியாளர் இசக்கியம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது. அவர் இவரை "மேடம்" என்பார், இவர் அவரை "சார்" என்பார். யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது. அருமைநாயகம் முகம் வெளிறி இசக்கியம்மாளின் அறைக்கு வந்தார்.

"மூணு வருஷ உழைப்பு போச்சு மேடம்."

"என்ன ஆச்சு சார்?"

"கத்தரிச் செடியைத் துளைக்கிற அந்துப்பூச்சியோட டிஎன்ஏவைத்தானே படிச்சேன்? அதுல குளவியோட துண்டு ஒண்ணு கிடக்கு. கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து அப்படியே. அந்துப்பூச்சியோட சொந்தக்காரப் பூச்சிகள் எதுலயும் அது இல்ல."

"எந்தக் குளவி?"

"அந்துப்பூச்சியோட புழுவுக்குள்ள முட்டை வைக்குமே, அதேதான். பக்கத்து அறையில நாமளே வளர்க்கறோம். என் கையில இருந்துதான் ஒட்டியிருக்கும். கையுறையை மாத்தினேன், குழாயை மாத்தினேன், மூணு தடவை செஞ்சு பார்த்தேன். போகவே மாட்டேங்குது."

நோட்டில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'அழுக்கு' என்று எழுதியிருந்தார். வாத்தியார் கை அல்லவா!

"இதை வெட்டிட்டு மிச்சத்தைக் கொடுத்துடட்டுமா? யாருக்கும் தெரியாது."

பரீட்சையில் காப்பி அடித்த பிள்ளைகளை வெளியே அனுப்பியவர் அவர். வெட்கமாக இருந்தது.

இசக்கியம்மாள் ஒரு தாளை எடுத்து, 'சாவியை' என்று எழுதி நீட்டினார்.

"இது என்ன மொழி சார்?"

"தமிழ்தான்."

"சாவி போர்த்துகீசியர்கிட்ட இருந்து வந்த சொல்."

"அப்போ போர்த்துகீசியம்."

"கடைசியில இருக்கிற 'ஐ'?"

அருமைநாயகம் தாளையே பார்த்தார். "அது நம்ம வேற்றுமை உருபு."

"உங்க துண்டு தனியா கிடக்கா, எதோடயாவது ஒட்டியிருக்கா? ரெண்டு ஓரத்தையும் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. பிழையைக் கண்டதும் வட்டம் போட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதுதான் இருபத்தைந்து வருடப் பழக்கம்.

கணினி முன்னால் போய் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் கழித்து ஓடிவந்தார். ஐம்பத்து மூன்று வயதுக்கு அந்த ஓட்டம் அதிகம்.

"இந்தப் பக்கமும் அந்துப்பூச்சி, அந்தப் பக்கமும் அந்துப்பூச்சி, நடுவுல குளவி! ஒரே இழையாப் போகுது மேடம்!"

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும் அதே இடத்துல! கையில இருந்து வந்த அழுக்குன்னா தனியாத்தான் கிடக்கும். இது இடம் விட்டு இடம் தாவுற டிஎன்ஏ. என்னைக்கோ குளவி முட்டை வச்சப்போ தாவியிருக்கும், அந்தப் புழு எப்படியோ தப்பிச்சிருக்கும்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்தாலும் அட்டவணை நிரப்பிப் பழகிய மனசு சும்மா இருக்குமா?

"இதை யாரோடதுன்னு போடறது மேடம்? குளவியா, அந்துப்பூச்சியா?"

"அந்துப்பூச்சி போடுற முட்டையிலயும் இருக்கா?"

"சோதிச்ச எல்லா முட்டையிலயும் இருக்கு."

"அப்படின்னா, அதை இன்னும் குளவியோடதுன்னு சொல்லிட்டிருக்கிறது நீங்க ஒருத்தர்தான் சார்."