ராட்சசங்களை "எங்க போறீங்க"ன்னு கேட்ட மருதாயி

பொம்மி, ஒழுங்கா காலை நீட்டிப் படு. என் மேல போடாத, வேர்க்குது. விடிகாலை பஸ்ஸுக்கு நான் ஊருக்குக் கிளம்பணும், இன்னும் துணிகூட மடிக்கல. ஒரே ஒரு கதைதான். ம் கொட்டிக்கிட்டே வா, ம் நின்னா நான் எழுந்து போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ராஜா இல்ல, மொதல்ல ஆறுதான். அந்த ஆத்துக்கு நட்டநடுவுல ஒரு கோட்டை. ராணியோட கண்ணாமூச்சி ஆடறதுக்குன்னே ஒரு ராஜா அதைக் கட்டினான். கட்டி முடிச்ச அன்னிக்கே போய் ஒளிஞ்சான், அகப்படவே இல்ல. ராணி தேடித் தேடிச் சலிச்சு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. கோட்டை காலியாக் கிடந்துச்சு.

அப்போ கரையில இருந்த ஊர்களுக்கு ராட்சசங்க வந்தாங்க. தொம்... தொம்... தொம்... பனைமரத்தைப் புடுங்கிப் பல்லு விளக்குவாங்க. வீட்டுக் கூரையை எடுத்துத் தலையில தொப்பியா மாட்டிப்பாங்க. அடைமழையில கூரை போனா மனுஷங்க எங்க படுப்பாங்க? சட்டி பானை, ஆடு கோழி, புள்ளகுட்டி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு, பரிசல் ஏறி அந்தக் கோட்டைக்குள்ள புகுந்துட்டாங்க. ஆறு அவ்வளவு ஆழம். ராட்சசங்களுக்கு நீச்சல் தெரியாது, தலை கனம். கரையில நின்னு உறுமுறதோட சரி. என்ன, ம்மைக் காணோம்?

ம்.

அந்தக் கூட்டத்துல மருதாயின்னு ஒருத்தி. நல்லவதான், வாய்தான் அடங்காது. யாரு வாசல் தாண்டினாலும் எங்க போறீங்கன்னு கேட்டுடுவா. கிளம்பறவங்களை அப்படிக் கேக்கலாமா? கேட்டுட்டா திரும்ப உள்ள வந்து, உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தானே போகணும்? அவளால மீன் பிடிக்கப் போறவங்க எல்லாம் பாதி நாள் உக்காந்து தண்ணி குடிச்சிக்கிட்டே இருந்தாங்க. குழம்புல மீனே இல்ல. கோட்டைக்குப் பெரிய மனுஷர் மாசிலாமணி. அவரு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, இனிமே கேட்டா உன்னைக் கொண்டுபோய்க் கரையில விட்டுடுவோம்னு சொல்லிட்டாரு. கரையில யாரு? ராட்சசங்க. மருதாயி பயந்து போயி, முந்தானையால வாயைக் கட்டிக்கிட்டு மதில் மேல உக்காந்துட்டா.

அப்புறம் ஒரு நாள் ராட்சசங்க பனைமரமாக் கட்டி ஒரு தெப்பம் பண்ணினாங்க. அவங்க தலைவன் பேரு தூணுக்காலன். அவன் தெப்பத்துல காலைத் தூக்கி வச்சானோ இல்லையோ, மருதாயி முந்தானை அவுந்துடுச்சு.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

தூணுக்காலன் தலையில அடிச்சிக்கிட்டான். ராட்சசன்னா என்ன, அவனுக்கும் அம்மா சொல்லிக் குடுத்துத்தானே வளத்திருப்பா. எல்லாரும் திரும்பிப் போயி, பாறையில வரிசையா உக்காந்து, ஆத்துல வாயை வச்சு ஒரு வாய் குடிச்சாங்க. மடக்... மடக்... மடக்... ராட்சசனுக்கு ஒரு வாய்ன்னா எவ்வளவு தண்ணின்னு நீயே பாத்துக்க. முங்கிக் கிடந்த கோட்டைப் படி பாதி வெளிய வந்துடுச்சு. மறுபடி கிளம்பலாம்னு எழுந்தா ராகுகாலம். அன்னிக்கு அதோட சரி. கோட்டையில அன்னிக்கு மருதாயிக்குத்தான் மீன் தலை.

ரெண்டாவது நாளு காதுல வைக்கப்போரை அடைச்சிக்கிட்டு வந்தாங்க. மருதாயி சும்மா இருப்பாளா? கையைத் திருப்பி, எங்கன்னு சைகையிலயே கேட்டா. கையால கேட்டா எத்தனை வாய் குடிக்கணும்னு அவங்களுக்குள்ள ஒரே சண்டை. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு வாயாக் குடிச்சிட்டாங்க. ஆத்துத் தண்ணி ராட்சசன் முட்டி அளவுக்கு இறங்கிடுச்சு. மீனெல்லாம் சேத்துல சளக் புளக்னு துள்ளுது. சண்டையில பொழுது சாஞ்சிட்டதால அன்னிக்கும் அதோட சரி. ஆனா இனிமே தெப்பமே வேண்டாம், விடிஞ்சா நடந்தே வந்துடலாம்.

அப்பதான் கோட்டைக்காரங்களுக்கு உறைச்சுது. உன் வாயால ஆறே போச்சுடின்னு ஆளாளுக்கு ஏசினாங்க. விடிஞ்சதும் உன்னை வெளிய விட்டுடறோம்னாரு மாசிலாமணி. மருதாயி அழுதுட்டா.

"ஊரை விட்டு ஓடி வந்தப்போ எங்க அக்கா வேற பக்கமாத் திரும்பிப் போனா. சகுனம் பாத்து நான் எங்கன்னு கேக்கல. இப்போ அவளை எங்க போயித் தேடுவேன்?"

எல்லாருக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் ஆறு வேணுமேன்னு, விடிஞ்சதும் கதவைத் திறந்து அவளைப் படியில நிக்க வச்சிட்டாங்க. தூங்கிட்டியா?

ம்ஹூம். அப்புறம்?

அப்புறம் எதிர்ல ராட்சசங்க வரிசையா நிக்கறாங்க. கேட்டா மிச்ச ஆறும் போயிடும். கேக்கலன்னா இப்பவே வந்துடுவாங்க. வந்துடுவாங்களே, உள்ள புள்ளைங்க இருக்கேன்னு மருதாயி கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டா. ராட்சசங்க பல்லை நறநறன்னு கடிச்சிக்கிட்டுத் திரும்பிப் போயி, உக்காந்து, மிச்சத்தையும் மடக் மடக்னு குடிச்சாங்க. ஆறு வறண்டு போச்சு. அடியில ஒரு பெரிய பானை கவுந்து கிடந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டு ராஜா எழுந்து வரான். எப்படி மூச்சு விட்டான்னு என்னைக் கேக்காத. ராணி அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னதும், அப்போ நான்தான் ஜெயிச்சேன்னு ஈரவேட்டியோட போயிட்டான்.

ராட்சசங்க எழுந்திருச்சாங்க. வயிறு குளுக் குளுக்னு ஆடுது. ஒரு ஆத்தைக் குடிச்சா என்ன வரும்? ஆமா, அதேதான், சிரிக்காத. சண்டையாவது ஒண்ணாவதுன்னு தூணுக்காலன் மலைப் பக்கம் ஓடினான். மருதாயி விடுவாளா?

"எங்கண்ணே இவ்வளவு அவசரமா?"

பாவம், திரும்பி வந்து உக்காந்தான். ஆத்துல ஏது தண்ணி? மலைச் சுனையை உறிஞ்சிக் குடிச்சான். எழுந்தான். மறுபடி கேட்டா. மறுபடி உக்காந்தான். முகமெல்லாம் வேர்த்து, கால் ரெண்டும் பின்னிக்கிச்சு.

"தங்கச்சி, உன் கால்ல வேணா விழறேன். கேக்காத."

"கூரையை எல்லாம் வச்சிட்டு ஏழு மலைக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. கேக்க மாட்டேன்."

டபடபன்னு கூரைங்களைக் கழட்டிப் போட்டுட்டு ஓடினாங்க பாரு. தொம்தொம்தொம்தொம். மருதாயி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா, அது பத்தாதுன்னு மாசிலாமணியும் ஒரு கையை வச்சுப் பொத்தினாரு. கொஞ்ச நேரங் கழிச்சு ஏழு மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஹோன்னு ஆறு திரும்பி வந்துச்சு.

சீ, அந்தத் தண்ணியா பெரியம்மா?

அந்தத் தண்ணிதான். ரெண்டு மழை பெய்யுற வரைக்கும் ஒருத்தரும் குளிக்கல, நாறினாலும் நாறட்டும்னு இருந்துட்டாங்க. அப்புறம் கூரைங்களைப் பரிசல்ல ஏத்தி அவங்கவங்க ஊருக்குக் கிளம்பினாங்க. கிளம்பும்போது மாசிலாமணி மருதாயி முன்னாடி வந்து நின்னு, கேளும்மான்னாரு. அவ கேட்டா. அவரு, உங்க அக்காவைத் தேடத்தான் போறோம், நீயும் ஏறுன்னாரு. அக்கா மூணாவது ஊர்லயே அகப்பட்டா. மருதாயி எங்க போனா, எங்க போனான்னு அவளும் அங்க எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

கதை ஆத்தோட போச்சு, நீ தூக்கத்தோட போ. தலகாணியை இப்படி இழுத்துக்க. கையை விடு, நான் போயி பையைக் கட்டறேன்.

எங்க போற பெரியம்மா?

அடிப்பாவி. கேட்டுட்டியா? தெரிஞ்சேதானே கேட்ட? சரி, தள்ளிப் படு, நானும் உக்காந்துக்கறேன். அந்தச் சொம்பை எடு, ஒரு வாய் குடிச்சிக்கறேன். பஸ்ஸு நாளான்னிக்கும் வரும். கண்ணை மூடு.