நான்கு கஜம்

2009 மார்ச் 6, வெள்ளிக்கிழமை, மாலை ஏழே முக்கால் மணி. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கில்டோரன் என்ற சிறிய ஊரின் கால்பந்து மைதானத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். உள்ளூர் அணியின் இடது ஓரத்தில் லோர்கன் டூஹி நின்றுகொண்டிருந்தான்.

தவறான இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அவனுக்குப் பந்து வந்தது. நல்ல பந்து. காலோடு ஒட்டியதுபோல் நிறுத்தினான். நடுவர் விசில் ஊதினார். லோர்கன் நிமிர்ந்து பார்த்தான். வெள்ளைக் கோடு நான்கு கஜம் தள்ளி, உள்ளே கிடந்தது. அவன் பந்தை வாங்கியது ஆடுகளத்துக்கு வெளியே.

இருபதாவது நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. முப்பத்தொன்றாவது நிமிடத்தில் மூன்றாவது தடவை. வேலிக்குப் பின்னாலிருந்து கறிக்கடை ஜார்லத் கேட்டார்: "என்ன லோர்கன், பஸ்ஸுக்கா நிக்கிற? கடைசி பஸ் அஞ்சு மணிக்கே போயிடுச்சே."

வேலியோரம் முழுக்கச் சிரித்தது. இடைவேளையில் மேலாளர் ஹான்லி அவனை உட்கார வைத்துவிட்டார்.

கோட்டை உள்ளே தள்ளியது ஹான்லிதான். குளிர்காலத்தில் பொறுப்பேற்றவர். அணியில் ஆள் குறைவு, இருந்தவர்களிலும் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது. ஓட ஆள் இல்லாத அணிக்கு ஓட இடம் எதற்கு என்று கேட்டார். எழுபத்திரண்டு கஜம் அகலமாக இருந்த மைதானத்தை அறுபத்து நான்காக்கினார். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கஜம். அந்த லீகில் சீசன் தொடங்கும் முன் அப்படிச் செய்துகொள்ள அனுமதி உண்டு. தொடங்கிவிட்டால் முடியும்வரை அதுதான் அளவு.

ஆனால் பழைய கோடு போகவில்லை. வருடக்கணக்காகப் பெயிண்ட் குடித்த புல் அந்த இடத்தில் மட்டும் வெளிறிக் கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. லோர்கனின் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

அவன் ஒரு விங்கர். ஓரத்தில் நிற்பான், பந்துக்குக் காத்திருப்பான், வந்ததும் எதிரே நிற்பவனைத் தாண்டிப் போவான். வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. பதினாறு வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். ஒரு பெரிய கிளப் மூன்று வருடம் சோறு போட்டு வளர்த்தது. பிறகு, ஒரு கஜம் வேகம் குறைவு என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அவன் ஊருக்கு வரவில்லை. கீழ்ப் பிரிவுகளில் நான்கு கிளப்புகளில் ஏழு வருடம் ஓடினான். முழங்காலை இரண்டு தடவை அறுத்தார்கள். ஒரே ஒரு முறை தேசிய அணிக்கு அழைப்பு வந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். இருபத்தாறு வயதில் கில்டோரனுக்குத் திரும்பினான். அதன்பின் ஏழு சீசன், அதே இடது ஓரம், அதே கோடு.

ஹான்லியின் கணக்கு பொய்க்கவில்லை. குறுகிய மைதானத்தில் கில்டோரன் தோற்பதை நிறுத்தியது. ஒன்பது ஆட்டங்களில் ஆறு டிரா. யாரும் கைதட்டவில்லை, யாரும் குறை சொல்லவும் இல்லை. லோர்கன் பெஞ்சில் இருந்தான்.

ஜூலை 16, வியாழக்கிழமை காலை ஹான்லி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நாளை ஆர்ட்கீல் அணியுடன் ஆட்டம், உன்னை இறக்கினாலும் இறக்குவேன் என்றார். இறக்கினால் ஒரே வேலை. பந்து வந்ததும் பின்னால் நிற்கும் கியோவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எவனையும் தாண்டப் போகக் கூடாது. அதைச் செய்தால் அடுத்த வருடத்துக்கும் ஒப்பந்தம். செய்ய முடியாது என்றால் இந்த மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

கோபமாகச் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வயது விங்கருக்கு, அதுவும் அந்த முழங்காலோடு, வேறு இடம் கிடைக்காது என்பது இருவருக்குமே தெரியும்.

அன்று மாலை லோர்கன் ஊனா கில்பேனைத் தேடிப் போனான்.

ஊனாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கவுன்சிலில் ரோட்டில் வெள்ளைக் கோடு போடும் வேலை. வியாழக்கிழமை தோறும் சம்பளம் வாங்காமல் மைதானத்துக்கும் கோடு போட்டுக் கொடுப்பார். ஒரு காலத்தில் அவரும் இடது விங்கர். பெண்கள் கால்பந்துக்குக் காசும் இல்லை, கூட்டமும் இல்லை என்றிருந்த நாட்களில் நாட்டுக்காக ஒன்பது ஆட்டம் ஆடியவர். லோர்கன் இங்கிலாந்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்தபோது, இந்தக் காலால் இனி ஓட முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவனை மறுபடியும் ஓட வைத்தவர் ஊனா. எப்படி என்று கேட்டால் இருவரும் சொல்வதில்லை.

ஊனா முளைகளுக்கு நடுவே நூல் கட்டிக்கொண்டிருந்தார். நூலின் மறுமுனையை லோர்கனிடம் நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டான்.

"கோட்டைக் கொஞ்சம் வெளிய தள்ளிப் போடுங்க," என்றான். "ஒரு கஜம் போதும். நாளைக்கு மட்டும்."

"தப்பு."

"யாரும் அளக்க மாட்டாங்க."

"நான் அளப்பேன்."

நூல் இழுபட்டு நின்றது. ஊனா பெயிண்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சக்கரம் போன வழியெல்லாம் ஈரமான வெள்ளை. லோர்கன் கூடவே நடந்தபடி ஹான்லி சொன்னதைச் சொன்னான். பிறகு கேட்டான்:

"எனக்குன்னு இருந்தது அந்த நாலு கஜம். அதையும் எடுத்துட்டாங்க. இடமே இல்லாத எடத்துல விங்கர் எதுக்கு?"

கோடு முடிந்ததும் ஊனா வேனிலிருந்து ஒரு பந்தை எடுத்து வந்தார். லோர்கனுக்கு எதிரே, வலது காலைக் கோட்டோடு ஒட்டி வைத்து நின்றார்.

"தாண்டு."

அவன் உள்பக்கமாகப் போனான். ஊனா பந்தைப் பறித்தார். "உன் வலது கால் இன்னும் மரக்கட்டைதான்."

மறுபடி. இந்த முறை பந்தைக் கோட்டின் மேலேயே நேராகத் தள்ளினான். ஊனாவின் காலை உரசாமல் அது பின்னால் உருண்டு போனது. லோர்கன் கோடுவரை போய் நின்றுவிட்டான். ஊனா நிதானமாகத் திரும்பிப் போய்ப் பந்தை எடுத்து வந்தார்.

"ஏன் நின்ன?"

"நீங்க அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க. இந்தப் பக்கம் கோடு."

ஊனா பந்தைக் காட்டினார். ஈரப் பெயிண்ட் அதைச் சுற்றி வளையம் போட்டிருந்தது.

"பந்து உள்ள இருந்துதா, வெளிய இருந்துதா?"

"கோட்டு மேல இருந்தா உள்ளதான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"சரி. நீ இங்க வந்து நில்லு."

இடம் மாறினார்கள். இப்போது லோர்கன் கோட்டோடு காலை ஒட்டி அடைத்துக்கொண்டு நின்றான். ஊனா, ரப்பர் பூட்ஸோடு, பந்தைக் கோட்டின் மேல் தள்ளினார். தள்ளிவிட்டு, அவனுக்கு வெளிப்புறமாகச் சுற்றி ஓடினார். கோட்டைத் தாண்டி, வெளிறிய பழைய கோட்டையும் மிதித்து, வேலியை உரசுவது போல ஓடி, அவன் முதுகுக்குப் பின்னால் உள்ளே வந்து பந்தைப் பிடித்துக்கொண்டார்.

லோர்கன் திரும்பிப் பார்த்தான். வெளியே புல்லில் வெள்ளைக் காலடிகள் வளைந்து கிடந்தன.

"அது வெளிய," என்றான்.

"எது?"

ஊனா வண்டியைக் கழுவப் போய்விட்டார். காலை ஆறு மணிக்கு ரோடு வேலை இருக்கிறது என்றார்.

மறுநாள் ஆர்ட்கீலுடன் நடந்த ஆட்டம் எழுபது நிமிடம் வரை கோல் இல்லாமல் போனது. ஹான்லி லோர்கனைப் பெஞ்சிலிருந்து எழுப்பினார். தோளில் கை வைத்து, "கியோ," என்றார்.

முதல் பந்து வந்தது. லோர்கன் கியோவிடம் திருப்பிக் கொடுத்தான். ஹான்லி கைதட்டினார்.

இரண்டாவது பந்தையும் திருப்பிக் கொடுத்தான்.

எதிரே நின்ற ஆர்ட்கீல் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கதவு போல அகலம். வலது காலைக் கோட்டோடு ஒட்டி வைத்திருந்தான். "அடுத்ததையும் திருப்பிக் குடுத்துடு தாத்தா," என்றான். "நம்ம ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்."

மூன்றாவது பந்து வந்தது. பின்னால் கியோ கை தூக்கி நின்றான். லோர்கன் பந்தைக் கோட்டின் மேல் தள்ளினான். தள்ளிவிட்டு வெளியே ஓடினான்.

கால்களுக்கு அந்த நான்கு கஜமும் பழக்கமான இடம். வேலியோரம் அவன் மூச்சிரைப்பு ஜார்லத்துக்குக் கேட்டது. ஆர்ட்கீல் பையன் ஓடவில்லை. வெளியே போய்விட்டான் என்று கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்தான். நடுவர் கோட்டின் மேல் உருளும் பந்தைக் காட்டி, ஆடு என்றார். அதற்குள் லோர்கன் அவன் முதுகுக்குப் பின்னால் உள்ளே வந்திருந்தான். அடித்த பந்து நேராக கோல்கீப்பர் கையில் போய் விழுந்தது.

ஹான்லி கோட்டோரம் வந்து கியோவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

நான்காவது பந்து. லோர்கன் மறுபடி வெளியே ஓடினான். இந்த முறை பையன் காலை நீட்டினான். லோர்கன் வேலியில் போய் மோதினான். பையனுக்கு மஞ்சள் அட்டை. ஜார்லத் வேலிக்கு மேலாகக் குனிந்து, முழங்கால் இருக்கா என்று கேட்டார். இருக்கு என்றான் லோர்கன்.

ஐந்தாவது பந்தை வெளியே ஓடியும் பறிகொடுத்தான். ஹான்லி இப்போது கத்தவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மாற்றி இறக்க அவரிடம் ஆள் இல்லை.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஆறாவது பந்து. பையன் இப்போது வெளிப்பக்கம் ஓடத் தயாராக, கோட்டுக்கு மேலேயே நின்றான். லோர்கன் பந்தை அவன் கால்களுக்கு நடுவே தள்ளினான். பந்து கோட்டின் மேல் உருண்டது. அவன் பழைய கோட்டைச் சுற்றிக்கொண்டு போய் அதைப் பிடித்தான். அடித்த பந்தை நடுவிலிருந்தவன் தலையால் முட்டினான். கோல். ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் போகும்வரை ஹான்லி காத்திருந்தார்.

"கோல் விழுந்தது. சந்தோஷம். நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?"

"கியோகிட்ட குடுன்னு."

"எத்தனை தடவை குடுத்த?"

"ரெண்டு."

"நாலு தடவை உன் இஷ்டத்துக்குப் போன. அதுல மூணு வீண். அடுத்த வாரம் நாலும் வீணாப் போகும், நாம தோத்துடுவோம்." ஹான்லி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து பெஞ்சில் வைத்தார். "நான் பழிவாங்குற ஆள் இல்ல. இனிமே சொன்னபடி ஆடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. திங்கக்கிழமை கையெழுத்து."

லோர்கன் பேனாவைப் பார்த்தான். பிறகு குனிந்து பூட்ஸ் கயிறுகளை அவிழ்த்தான். இரண்டையும் அவிழ்த்து முடித்தபின் சொன்னான்.

"சொல்ல மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்றியா?"

"பதினாறு வயசுல யோசிச்சாச்சு."

ஹான்லி பேனாவை எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமைக்குள் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்.

திங்கட்கிழமை லோர்கன் ஒரு பையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு காரில் புறப்பட்டான். ஊரைத் தாண்டியதும் ரோட்டில் ஒருவர் சிவப்புப் பலகை காட்டி நிறுத்தினார். அந்தப் பக்கம் கோடு போடும் வண்டி நின்றது. ஊனா குனிந்து நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

லோர்கன் இறங்கிப் போனான். நடந்ததைச் சொன்னான். ஊனா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அலமாரியைக் காலி பண்றப்ப ஹான்லி ஒண்ணு கேட்டார்," என்றான். "எல்லாரும் உள்ள ஆடுறாங்க, நீ மட்டும் எதுக்கு வெளிய ஓடுறன்னு. அது ஆட்டமா, இல்ல ஏமாத்தா?"

பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஊனா நிமிர்ந்தார். கையிலிருந்த பெயிண்டைத் துணியில் துடைத்தார்.

"எத்தனை வருஷமா விங்கரா இருக்க?"

"பதினேழு."

"நான் இருபது வருஷமா கோடு போடுறேன். கோடு பந்துக்குப் போட்டது, லோர்கன். உனக்குன்னு யாரும் போடல."

பலகை பச்சைக்குத் திரும்பியது. லோர்கன் அங்கேயே நின்றான். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

2010 மார்ச் 12, வெள்ளிக்கிழமை, ஆர்ட்கீல் அணி கில்டோரனுக்கு வந்தது. மைதானத்தின் அகலம் அன்றும் அறுபத்து நான்கு கஜம். ஆர்ட்கீலின் இடது ஓரத்தில் லோர்கன் டூஹி தொண்ணூறு நிமிடமும் ஆடினான். ஆர்ட்கீல் இரண்டு, கில்டோரன் பூஜ்யம்.