ராஜாவின் இடது கைக்கு வந்த தண்டனை

வெகு காலத்துக்கு முன்னே கொன்றைநாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் காது விஷயத்தில் மட்டும் படு அவசரக்காரர். எந்த வழக்கானாலும் முதலில் வந்து சொன்னவன் பேச்சே தீர்ப்பு. இரண்டாவது ஆள் வாயைத் திறந்தால், "அதான் கேட்டாகிவிட்டதே!" என்று எழுந்து போய்விடுவார்.

அதனால் அந்த நாட்டில் சண்டை என்று வந்தால் யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். அரண்மனையைப் பார்த்து ஓடுவார்கள்! புருஷன் பெண்டாட்டித் தகராறு என்றாலும் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட, இவள் கொசுவத்தைச் செருகிக்கொண்டு ஓட, தெருவே புழுதி பறக்கும். உடம்பு பெருத்தவன் பக்கம் ஒரு நாளும் நியாயம் இருந்ததில்லை, பாவம்.

செங்கமலம் அந்த அரண்மனையில் வெந்நீர் போடுகிறவள். சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியலுக்கு அவள் பதமாக விளாவி வைக்கும் தண்ணீரில் இறங்கினால் ராஜா அப்படியே சொக்கிப்போவார். ஒரு நாள் சும்மா இருக்காமல் சபையிலேயே சொல்லிவிட்டார்: "சிங்காரராயரே, உம்முடைய புகழ்ப்பாட்டைவிட செங்கமலத்தின் வெந்நீர் சுகமய்யா!" சபையே குலுங்கிச் சிரித்தது. அரண்மனைப் பாட்டுக்காரர் சிங்காரராயருக்கு மட்டும் வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ராஜா உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, உச்சி வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்து தொட்டியில் காலை வைத்தார்.

"அடச்சே! சில்லென்று இருக்கிறதே!"

இதற்காகவே காத்திருந்த ராயர் முந்திக்கொண்டார். "மகாராஜா, அரண்மனை விறகையெல்லாம் இவள் வீட்டுக்குக் கடத்துகிறாள். பிறகு தண்ணீர் எப்படிச் சுடும்?"

"அப்படியா சங்கதி! பொழுது சாய்வதற்குள் இவள் ஆற்றுக்கு அக்கரை போய்விட வேண்டும்!"

செங்கமலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் பசு நிறைசினை; இன்றைக்கோ நாளைக்கோ கன்று போடும். அதை ஆற்றில் இறக்கி ஓட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா?

"மகாராஜா, நான் சொல்வதையும் கொஞ்சம்..."

"அதான் கேட்டாகிவிட்டதே!"

அவ்வளவுதான், அவளுக்கு அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. "சரி, என் பேச்சைக் கேட்க வேண்டாம். உங்கள் கை பேசினால் கேட்பீர்களா?"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "என் கை பேசுமா? பேசச் சொல், பார்ப்போம்!"

செங்கமலம் மூன்று அண்டா வைத்தாள். ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். நடுவில் அதே குளியல் தொட்டியில் மொண்டது. "வலது கை வெந்நீரில், இடது கை கிணற்றுத் தண்ணீரில் இருக்கட்டும். ராயர் ஐயா, கை ஊறும்வரை ஒரு பாட்டு எடுத்துவிடுங்கள்."

ராயர் ராஜாவின் கிரீடத்தில் தொடங்கினார். மூக்குக்கு வருவதற்குள் ராஜாவின் விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. "போதுமய்யா, நிறுத்தும்!"

"இப்போது இரண்டு கையையும் நடு அண்டாவில் விடுங்கள்."

"சில்லென்று... ஐயோ, சுடுகிறதே! இல்லை, சில்லென்று... என்ன கூத்து இது? வலது கை குளிர்கிறது என்கிறது, இடது கை சுடுகிறது என்கிறது!"

"முதலில் சொன்னது எது மகாராஜா?"

"வலதுதான்."

"அப்போ அதுதானே தீர்ப்பு. பொழுது சாய்வதற்குள் இடது கையை அக்கரைக்கு அனுப்பிவிடுங்கள்."

ராஜா இடது கையைப் பட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "அனுப்பிவிட்டால் என் இடது மீசையை யார் முறுக்குவது? அது ஒன்றும் பொய் சொல்லவில்லையே!"

"அப்போ வலது கை பொய் சொல்லிற்றா?"

"அதுவும் இல்லை. இது வெந்நீரிலிருந்து வந்தது, அது கிணற்றுத் தண்ணீரிலிருந்து வந்தது. அதனதன்..." ராஜா பாதியில் நிறுத்தினார். எண்ணெய் வழியும் தன் உடம்பைப் பார்த்தார். வெளியே கொளுத்தும் வெயிலைப் பார்த்தார். "நான் வெயிலிலிருந்து வந்தேன், இல்லையா?"

"அதைச் சொல்லத்தான் மகாராஜா வாயைத் திறந்தேன்."

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ராயரே, நீர் தொட்டுச் சொல்லும்."

ராயர் விரலை விட்டார். இதமான தண்ணீர். ஆனாலும் சும்மா இருப்பாரா? "மகாராஜாவின் கை சொல்வதையே என் கையும் சொல்கிறது!"

"எந்தக் கை?"

"வலது... இடதும்தான்... குளிர்ச்சியாகச் சுடுகிறது மகாராஜா!"

"விறகு கடத்தியதை உம் கண்ணால் பார்த்தீரா?"

"அது வந்து... முந்திச் சொல்லிவிட்டால் போதுமே என்று..."

ஒரு மாதத்துக்கு ராயர் அடுப்பூத வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜா தன் மோதிரத்தைக் கழற்றிச் செங்கமலத்துக்குக் கொடுத்தார். எண்ணெய்க் கையல்லவா, வழுக்கிக்கொண்டு வந்தது. "பசுவைப் போய்ப் பார், தாயே" என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் சபை கூடியதும் முகமெல்லாம் கரியோடு ராயர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மகாராஜா! நான்தான் முதலில் சொல்கிறேன்! செங்கமலத்தின் பசு காளைக்கன்று போட்டிருக்கிறது!"

'சபாஷ்' என்ற சொல் ராஜாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு இடது கையை விரித்துக் காட்டினார்.

"இரும் ஓய். இது இன்னும் பேசவில்லை."

செங்கமலம் ஓடி வரவில்லை. நிதானமாக நடந்தே வந்தாள். அதுவரை ராஜா காத்திருந்தார்.

"கிடாரிக்கன்று மகாராஜா" என்றாள்.

"இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. வாருங்கள், போய்ப் பார்த்துவிடுவோம்" என்று ராஜா எழுந்தார்.

கொன்றைநாட்டில் அன்றைக்குத்தான் ஒரு வழக்குக்காக ஊரே ஓடாமல் நடந்து போனது. கன்று கிடாரிதான்.