மறு ஆட்டம்

"எதிர்ல இருக்கிறது ஆளா, மிஷினா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் சிகாமணி.

குமுதவல்லி மூங்கில் தட்டில் மல்பெரி இலையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இலை விழுந்த இடமெல்லாம் புழுக்கள் தின்னத் தொடங்கின. தூறல் போடுவது போல ஒரு சத்தம்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அவளுக்கு முப்பத்து மூன்று. கைபேசியில் ஆடும் 'ஏழு கோட்டை' என்ற சீட்டாட்டத்தில் ஒரு காலத்தில் அவளை வெல்ல ஆளில்லை. ஒருநாள் நிறுத்திவிட்டு, பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்க்க வந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஆடுகிறவர்கள் யோசனை கேட்டு அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

வருகிறவர்களின் பெயரை அவள் கேட்பதில்லை.

"முதல்ல இருந்து சொல்லுங்க சார்."

அவர் சொன்னார். சர்க்கரை ஆலை மூடியது. மகளின் பிரசவத்துக்குப் புனே போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். பொழுது போகாமல் ஆட ஆரம்பித்தார். திரையில் புதுச் சீட்டுக்கட்டைப் பிரிக்கும்போது ஓரத்தில் பொன்னிறம் மினுங்கினால் அரிய சீட்டு; அதற்காகவே பிரித்துக்கொண்டே இருந்தார். ஆயிரத்து நூறு சீட்டு சேர்த்துவிட்டார்.

"ஆனா வேணுங்கிற சீட்டு வேணுங்கிற நேரத்துல வந்ததே இல்லைங்க. ஆறு வருஷமா."

"வந்ததை யாரு ஞாபகம் வெச்சிக்கிறா?"

சிகாமணி லேசாகச் சிரித்தார். பிறகு உப்புக்காற்றைப் பற்றிச் சொன்னார்.

அது எதிராளி ஆட்டத்துக்கு வைத்துக்கொண்ட பெயர். அவ்வளவுதான் தெரியும். அவருடைய தரத்தில் காலை ஒன்பது மணிக்கு ஆடுகிறவர்கள் குறைவு. அதனால் ஆட்டம் இவர்கள் இருவரையே கோத்துவிடும். இரண்டு வருடமாக, தினமும். அதில் பேச முடியாது. ஆறு சொற்கள் மட்டும் பொத்தான்களாக இருக்கும். வணக்கம், நன்றி, அருமை, அடடா, மன்னிக்கவும், பொறுங்கள்.

"எனக்குச் சீட்டு வரலைன்னா நான் கொஞ்சம் யோசிப்பேன். உடனே 'அடடா'ன்னு வரும். என் கையைப் பார்த்தாப்ல."

"சரி. இப்போ என்ன சந்தேகம்?"

"தோக்கிறவங்க ஓடிடக் கூடாதுன்னு கம்பெனியே மிஷினை எதிர்ல உக்கார வெக்குதாம். மனுஷன் மாதிரி பேரு குடுத்து."

"செய்யறதுதான்."

"உப்புக்காற்றும் அப்படியா?"

"இருந்தா என்ன? ஆட்டம் ஆட்டந்தானே."

சிகாமணி புழுக்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாள் பூரா எனக்கு வணக்கம் சொல்றது அது ஒண்ணுதாங்க," என்றார்.

குமுதவல்லி கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

"ஆட்டம் முடிஞ்சா ரெண்டு பொத்தான் வரும். 'அடுத்த ஆட்டம்', 'மறு ஆட்டம்'. மறு ஆட்டத்தை என்னைக்காவது தொட்டிருக்கீங்களா?"

"அதுக்குப் புள்ளி கிடையாதுங்களே. யாரும் தொட மாட்டாங்க."

"மிஷினுக்கு அந்தப் பொத்தானே கிடையாது. நீங்க ஜெயிக்கப் போற ஒரு ஆட்டத்தைப் பாத்து, நடுவுல விட்டுக்குடுங்க. விட்டுட்டு மறு ஆட்டத்தைத் தொட்டுக் காத்திருங்க. பத்து நொடி இருக்கும். ஆளா இருந்தா குழம்பும். குழம்புனா நிக்கும். நின்னா அந்தப் பக்கமும் தொடும்."

"மிஷினா இருந்தா?"

"குடுத்ததை வாங்கிக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடும்."

திங்கட்கிழமை சிகாமணிக்கு நல்ல சீட்டு. உப்புக்காற்றின் ஏழு கோட்டைகளில் ஐந்து விழுந்தன. விட்டுக்கொடுக்கலாம்.

அன்று அவர் நாட்டிலேயே நூற்று ஐந்தாம் இடத்தில் இருந்தார். நூற்றுக்குள் வந்தால் பெயர் பலகையில் ஏறும். ஆறு வருட ஆசை.

'நாளைக்கு' என்று நினைத்துக்கொண்டார். வென்றார். 'அருமை' என்றது உப்புக்காற்று.

செவ்வாய்க்கிழமையும் நாளைக்கு. புதன்கிழமையும் நாளைக்கு. நூற்று இரண்டு.

வியாழக்கிழமை சீட்டு காலை வாரியது. ஆறு கோட்டைகள் போய், ஒன்று மிச்சம். கையில் இருந்தவை ஒன்றுக்கும் உதவாதவை. அடுத்த அடியில் முடிந்துவிடும். சிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அடிக்காகக் காத்திருந்தார்.

அடி விழவில்லை.

'வணக்கம்' என்றது உப்புக்காற்று.

ஆட்டத்தின் நடுவில் யாரும் வணக்கம் சொல்வதில்லை. இவருக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் எழுத்து வந்தது: 'உப்புக்காற்று ஆட்டத்தைக் கைவிட்டார். வெற்றி உங்களுக்கே.'

எண் இறங்கத் தொடங்கியது. நூற்று ஒன்று. நூறு. தொண்ணூற்று ஒன்பது.

சிகாமணியின் கண் எண்ணின் மேல் இருந்தது. கட்டைவிரல், ஆறு வருடப் பழக்கத்தில், தானாகவே நகர்ந்து 'அடுத்த ஆட்ட'த்தைத் தொட்டது.

தொட்ட பிறகுதான் பார்த்தார். பக்கத்தில் இருந்த 'மறு ஆட்டம்' விளக்குப் போல எரிந்து கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தொட்டுக் காத்திருந்தால்தான் அது எரியும்.

திரை மாறியது. முன்பின் தெரியாத ஒரு பெயர் வந்து 'வணக்கம்' என்றது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு உப்புக்காற்று வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. பெயர்ப் பலகையில் தொண்ணூற்று ஒன்பதாவதாக அவர் பெயர் இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். மறுபடி பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினார்.

புழுக்கள் இலையை விட்டுவிட்டுக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அறையில் சத்தமே இல்லை.

"ஆள்தாங்க," என்றார் சிகாமணி. நடந்ததைச் சொன்னார். விரல் செய்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போனது.

குமுதவல்லி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"என்னைக்குன்னு சொன்னீங்க?"

"வியாழக்கிழமை. காலையில."

"உங்களுக்கு முந்தின வாரம் ஒரு அம்மா வந்தாங்க. தூத்துக்குடி. மூணு பஸ் மாறி வந்தாங்க. நீங்க கேட்டதையேதான் கேட்டாங்க. உங்களுக்குச் சொன்னதையேதான் சொல்லி அனுப்பினேன்."

"அப்புறம்?"

"வியாழக்கிழமை மத்தியானம் போன் பண்ணாங்க. 'மிஷின்தாம்மா, ஒரு நொடி கூட நிக்கலை'ன்னாங்க. ஆட்டத்தையே போன்ல இருந்து அழிச்சிட்டாங்களாம்."

சிகாமணி தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மிஷினோட பேரு என்னன்னு சொன்னாங்களா?"

"ஏதோ கரும்புக்காடுன்னு."

அவர் தட்டின் விளிம்பை விட்டார்.

"அது என் பேருங்க," என்றார்.

குமுதவல்லி எழுந்து போய்த் தன் கைபேசியை எடுத்து வந்தாள். வியாழக்கிழமை வந்த எண்ணைத் தேடி எடுத்தாள். அவரிடம் நீட்டினாள்.

"தொட்டா போதும். போயிடும்."

"என்ன சொல்றதுங்க?"

"வணக்கம்னு ஆரம்பிங்க."

சிகாமணி வாங்கினார். எண்ணுக்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரே ஒரு பொத்தான்.

கட்டைவிரல் நகரவில்லை.