இறங்கின பானை

அஞ்சலத்துக்கு இருந்தது ஒரு துண்டு வயல். உரக்கடை நல்லசிவத்திடம் வாங்கிப் போட்ட யூரியாவில் பயிர் மொத்தமும் கருகிப்போனது. உப்பைக் கலந்து விற்றுவிட்டார் என்று பஞ்சாயத்தில் போய் அழுதாள்.

நல்லசிவம் சிரித்தார். "அந்த மூட்டையே வாயைத் திறந்து சொல்லட்டும், ஒத்துக்கிறேன்."

மறுநாள் அஞ்சலம் இரண்டு பானைகளில் ஒரே அளவு தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றில் அவருடைய உரத்தையும் மற்றதில் கூட்டுறவுச் சங்கத்து யூரியாவையும் பஞ்சாயத்துத் தலைவர் முன்னால் கரைத்தாள். பிறகுதான் நல்லசிவத்தைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிய வெப்பமானியை விட்டதும் ஒரு பானையில் பாதரசம் மளமளவென்று இறங்கியது. இன்னொன்றில் பேருக்குத்தான் அசைந்தது.

"இதுல உங்க சரக்கு எது முதலாளி?"

"நல்ல யூரியா கரைஞ்சா தண்ணி சில்லுன்னு ஆயிடும், தெரியாதா? இறங்கினதுதான் என்னுது!"

"அது சங்கத்துது முதலாளி."

தலைவர் ஆமாம் என்று தலையாட்டினார். கூட்டம் கொதித்து எழுந்தது. நல்லசிவம் அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்ல உரமா ரெண்டு மூட்டை தர்றேன், எடுத்துட்டுப் போம்மா."

அஞ்சலம் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தப் பயிருக்குப் போட, முதலாளி?"