வெள்ளை வேட்டிக்கு நேரே

கத்திரி வெயில் தொடங்குமுன் கடை ஏசியைக் கழுவி வைப்பது வருஷாவருஷம் நடப்பதுதான். இந்தத் தடவை ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு அந்த வேலையாக வந்தவள் பாக்கியமேரி. அவள் ஏணியில் ஏறியதுமே அண்ணாச்சி சத்தம் போட்டார்.

“முகூர்த்தக் கூட்டம் நிக்குது. மெஷினை நிறுத்தவும் கூடாது, கழுவவும் கூடாது. ஆனா சாயங்காலம் கடை ஊட்டி மாதிரி இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது.”

“பில்டர்ல தூசி அடைச்சிருக்குமே, அண்ணாச்சி.”

“எங்கடையிலயா? ஒரு பொட்டுத் தூசி கெடையாது,” என்றார், சேலை பார்க்க வந்தவர்கள் காதிலும் விழும்படி.

பாக்கியமேரி ஏசியின் மூடியைத் திறந்தாள். பில்டரை மட்டும் உருவிக்கொண்டு இறங்கி வந்தாள். அண்ணாச்சியின் சலவை வேட்டிக்கு நேரே அதைப் பிடித்தாள்.

“அப்ப கழுவ வேண்டாம். தூசிதான் இல்லையே, இங்கயே ரெண்டு தட்டு தட்டி மாட்டிருதேன். அசையாம நில்லுங்க.”

அவள் இன்னும் கையை ஓங்கக்கூட இல்லை. அண்ணாச்சி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றார். கடையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியபின் அங்கிருந்தபடியே சொன்னார்: “மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுதேன். பின்பக்கம் குழாய் இருக்கு தாயி, நல்லாக் கழுவு.”